சொல்லாமல் வெளியே போகும் மகனும் ஓர் ஒப்பந்தமும்

பதினாறு வயது மகன் இரவில் சொல்லாமல் வெளியே போகத் தொடங்கியபோது, எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவை. நான் செய்யவில்லை. தீப்பிடித்தால் எல்லோருமே உள்ளே மாட்டிக்கொள்வோம். தவிர, கதவு பூட்டியிருந்தால் தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்குகிற ரகம் அவன். திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றைக் கதவில் பொருத்தினேன், அவனிடம் சொல்லிவிட்டுத்தான்.

மாத்திரைகளை எல்லாம் பூட்டி வைத்தேன். கோபத்தில் கை எதன் மீது போகும் என்று சொல்ல முடியாது. பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். வண்டிச் சாவி என் தலையணைக்கு அடியில்.

உண்மையில் பலன் தந்தது ஓர் ஒப்பந்தம். எங்கே சிக்கினாலும், “அம்மா, மாத்திரை போட்டாயா?” என்று சங்கேதமாகச் செய்தி அனுப்பினால் போதும். நான் போய் அழைத்து வருவேன். அன்றிரவு ஒரு கேள்வியும் கிடையாது, விசாரணை மறுநாள். (வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவது லேசான வேலையல்ல.) ஒருநாள் செய்தி வந்தது. குடித்திருந்த நண்பன் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். என் மகன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். வழிநெடுக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சண்டை இன்னும் ஓயவில்லை. தலைமுடி, அறைக் குப்பை பற்றியெல்லாம் பேசுவதை விட்டுவிட்டேன். திரும்பும் நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. தாமதித்தால் மறுமுறை அரைமணி முன்னதாக வர வேண்டும். அந்த விதியை எழுதியவன் அவனே என்பதால், முறைப்பதோடு சரி.