நல்ல கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஃபேஸ்புக்கும் யூடியூபும் முன்னால் கொண்டுவந்து கொட்டுவதையே படித்தால், நேற்று யார் யாரைத் திட்டினார்கள் என்பது மட்டும்தான் தெரியும். முதலில், நமக்கு முன்பே படித்துப் பொறுக்கி வைக்கிற ஆட்களைப் பிடியுங்கள். என் வழக்கம் ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லி. நியூசிலாந்தில் தத்துவம் கற்பித்த டெனிஸ் டட்டன் 1998இல் தொடங்கிய தளம், அவர் 2010இல் இறந்த பிறகும் ஓடுகிறது. பழைய செய்தித்தாள் மாதிரி நெருக்கமான பக்கம், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓரிரு வரி அறிமுகம், அவ்வளவுதான். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

அப்புறம், பிடித்த தளங்களை ஒரு ஆர்எஸ்எஸ் செயலியில் சேர்த்துவிடுங்கள் (நீங்கள் நினைக்கிற ஆர்எஸ்எஸ் இல்லை, இது செய்தியோடை, தளங்களில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் காட்டும்). கூகுள் ரீடரை 2013இல் மூடிவிட்டார்கள், ஃபீட்லி மாதிரி வேறு சில இருக்கின்றன. பத்துத் தளம் போதும், ஐம்பது சேர்த்தால் ஒன்றையும் திறக்க மாட்டீர்கள்.

உலக விவகாரம் என்றால் ஒரே கட்டுரையோடு நிறுத்தாதீர்கள், சம்பந்தப்பட்ட ஊர்க்காரர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நீல நைல் மேல் எத்தியோப்பியா 2011இல் கட்டத் தொடங்கி 2025இல் திறந்த அணையை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தின் அல் அஹ்ராம் ஆங்கிலப் பதிப்பைப் படித்தால் அது உயிர்ப் பிரச்சினை. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து வரும் அடிஸ் ஸ்டாண்டர்டைத் திறந்தால் அதே அணை மின்சாரம், வளர்ச்சி, மானம். இரண்டுக்கும் நடுவில், நைல் தண்ணீரைப் பங்கிட எகிப்தும் சூடானும் செய்துகொண்ட 1959 ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள்: எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி, நைலுக்குப் பெரும்பகுதித் தண்ணீரை அனுப்புகிற எத்தியோப்பியாவுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் அது ஒரு தரப்பே இல்லை. இது தெரிந்த பிறகு இரண்டு பத்திரிகைகளின் கோபமும் புரிய ஆரம்பிக்கும். அல் அஹ்ராம் அரசு சார்ந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைகள் கண்டுகொள்ளாத நாடுகளுக்கு, 2004 முதல் தன்னார்வலர்கள் எழுதியும் மொழிபெயர்த்தும் வரும் குளோபல் வாய்சஸ் இருக்கிறது.

சேமிப்பதில் ஒரு எச்சரிக்கை. கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமிக்கும் பாக்கெட் செயலியை நம்பிப் பல வருடம் சேர்த்தவர்கள் 2025இல் அது மூடப்பட்டபோது அவசர அவசரமாகப் பட்டியலை இறக்க வேண்டியிருந்தது. ரொம்பப் பிடித்ததை பிடிஎஃப் ஆக எடுத்து, கோப்பின் பெயரிலேயே எதற்காக எடுத்தீர்கள் என்று நாலு வார்த்தை எழுதிவிடுங்கள். என்னிடம் 'அருமை 7' என்று ஒரு கோப்பு இருக்கிறது, என்ன அருமை என்று இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.