பையில் பொட்டலம் கிடைத்ததாகப் பள்ளியிலிருந்து அழைத்தால்

"உங்க பையன் பையில பொட்டலம் இருந்துச்சு, உடனே வாங்க" என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், அவனை அடிக்காதீர்கள். அடுத்து, அங்கே நீட்டுகிற எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், அவனையும் போட விடாதீர்கள். அவனுக்குப் படிப்பதிலோ எழுதுவதிலோ சிக்கல் இருந்தால் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

நான் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர். பிள்ளைகளுக்கு டீச்சர். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளோடுதான் என் நாள் முழுக்கக் கழிகிறது. அறிவில் குறை இருக்காது. சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டுவான், சந்தைக் கணக்கை மனசுக்குள்ளேயே போடுவான். எழுத்து மட்டும் கண்ணுக்கு முன்னால் நிற்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தோடு பிடிபட்டான். மறுநாள் நான் போனபோது அவன் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம் மேஜையில் இருந்தது. 'நான் பலமுறை போதைப்பொருள் பயன்படுத்தியதோடு சக மாணவர்களுக்கும் வழங்கியுள்ளேன்.' கீழே அவன் பெயர், பக்கத்தில் அவன் அம்மாவின் கையெழுத்து. அந்த அம்மா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வெங்காயம் ஆய்கிறவர். "போடச் சொன்னாக, போட்டேன் டீச்சர்" என்றார்.

பையனைத் தனியாக உட்காரவைத்து, இதைப் படிப்பா என்றேன். விரலை வரிக்குக் கீழே வைத்தான். 'நான்' சரியாக வந்தது. 'பலமுறை'யைப் 'பள்ளி' என்றான். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது இந்தப் பிள்ளைகளின் வழக்கம். 'வழங்கியுள்ளேன்' வந்ததும் விரல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வணக்கம்" என்றான். கடிதம் என்றால் வணக்கத்தில்தானே முடியும். யாரோ எழுதிக் கொடுத்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்திருக்கிறான். பாதிப் புள்ளிகளைக் காணோம். இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதியிருப்பதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வைத்திருந்தேன் என்பதற்கும் கொடுத்தேன் என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. அதனால் கடிதம் கேட்டால் இப்படிச் செய்யுங்கள். அவன் வாயால் சொல்லட்டும், நம்பிக்கையான ஒருவர் அவன் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். எழுதியதை நிறுத்தி நிறுத்தி அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். 'அவன் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டப்பட்டது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, எழுதியவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும், போனில் படமெடுத்தால்கூடப் போதும். அந்தப் பள்ளியில் நாங்கள் பழைய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இப்படித்தான் புதிதாகக் கொடுத்தோம். தலைமையாசிரியர் மறுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, மற்ற பெற்றோர் வந்து கேட்பார்களே என்ற பயம் அவருக்கு.

அப்புறம், பையில் இருந்தது என்ன என்று கேளுங்கள். 'போதை' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். புகையிலை வேறு, மோந்து பார்க்கிற ஒயிட்னர் வேறு, வலி மாத்திரை வேறு, கஞ்சா வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் கஞ்சா வரும், புகையிலை வராது. யார் பார்த்தார்கள், பையிலா கையிலா, அப்போது கூட யார் இருந்தார்கள் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பிள்ளைக்கு எதிரி என்று நினைத்து நடுங்க வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, மருத்துவர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுக்கிறவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பொட்டலம் புழங்குவது பற்றி 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. எங்கே வாங்கினான் என்று அவன் சொன்னால், போதைப்பொருள் பற்றிப் புகார் சொல்லும் இலவச எண்ணான 10581-க்குச் சொல்லுங்கள். ஆனால் கடையைக் காட்டிக்கொடுக்கும் வேலையை அவன் தலையில் கட்டாதீர்கள், அவன் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். போலீஸ் வந்தால், 18 வயதுக்குக் கீழே உள்ளவனை லாக்கப்பில் வைக்கவோ விலங்கு மாட்டவோ கூடாது, பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பதற்றமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

அடுத்தது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அவன் எந்தக் கிழமை, எந்தப் பீரியடில் வகுப்பைவிட்டு வெளியே போனான் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். நான் சொன்ன பையன் ஒவ்வொரு முறையும் மூன்றாவது பீரியடில்தான் கழிப்பறைக்குப் போயிருந்தான். அது தமிழ்ப் பீரியட், வரிசையாக எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டிய நேரம். அவன் முறை வருவதற்கு முந்தைய பெஞ்சு வரை வந்ததும் கையைத் தூக்கிவிடுவான். கழிப்பறைக்குப் பின்னால் பெரிய பையன்கள் நிற்பார்கள். அங்கே யாரும் அவனைப் படிக்கச் சொல்லவில்லை, தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். பொட்டலம் அப்படித்தான் கைக்கு வந்தது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு நடைமுறை உண்டு. சிறப்புக் கல்வி பெறும் மாணவனைப் பத்துப் பள்ளி நாளுக்கு மேல் விலக்கி வைப்பதென்றால், பெற்றோரையும் வைத்துக்கொண்டு, இந்தச் செயல் அவன் குறைபாட்டிலிருந்து வந்ததா என்று பள்ளி பார்த்தாக வேண்டும். போதைப்பொருள் என்றால் விடை எதுவானாலும் 45 பள்ளி நாள் வரை வேறு இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் அங்கேயும் பாடம் நிற்கக் கூடாது. நம் ஊரில் அப்படி எழுதிய விதி இல்லை. அதற்காக அந்தக் கேள்வியை நாம் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது? நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: "சார், இவன் எதுக்கு வெளிய போனான்னு பார்ப்பமா?"

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் தகுந்த முறையில் சொல்லிக்கொடுப்பது கல்வி நிறுவனத்தின் கடமை என்றும் சொல்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் இப்போதாவது வாங்குங்கள். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள், அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு வழிகாட்டுவார். பரிசோதிக்க ஒரு நாள் போதாது, இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும், அலையுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் என்று பின்னால் அது உதவும்.

பழக்கத்துக்கு வைத்தியம் தனி. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு அவன் 'ஆமா' என்று மட்டும் சொன்னால், புரிந்துதான் சொல்கிறானா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416.

டி.சி. விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒன்பதுக்கு மேல் அந்தப் பாதுகாப்பு இல்லாததால், "நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்து வாங்கிக்கங்க, அதான் பையனுக்கு நல்லது" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால், நீங்களாக விலகிப் போனதாகத்தான் பதிவாகும். வெளியேற்றுவதென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்குள் பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களுக்குத் தெரிந்த பெற்றோர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். முடியவில்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு. இவ்வளவும் நான் சொல்லக் காரணம், பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைக்குப் பகல் முழுக்க அந்தப் பெரிய பையன்கள்தான் துணை. அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

திரும்பச் சேர்க்கிற நாளில் யாராவது அவனோடு வகுப்பு வாசல் வரை போங்கள். அதற்கு முன்பே தமிழாசிரியரிடம் பேசிவிடுங்கள்: கொஞ்ச நாள் அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம், பாடத்தை முந்தின நாளே போனில் பேசி அனுப்பினால் கேட்டுவிட்டு வருவான். எங்கள் பையனுக்கு அந்த ஆசிரியர் அப்படியே செய்தார். அடுத்த மாத வருகைப் பதிவில் மூன்றாவது பீரியடைப் பார்த்தேன், ஒரு நாள்கூட வெளியே போகவில்லை.