புற்றுநோய்ப் புரத ஆய்வில் முனைவர் பட்ட இடம் தேடுவது எப்படி?

தேடி, விண்ணப்பித்து, இடம் பெற்றபின் எழுதுகிறேன். மதிப்பெண் சான்றிதழ், மொழித் தேர்வு பற்றியெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நேராக விஷயத்துக்கு வருவோம்.

முதல் படி: புரதத்தோடு ஒரு கேள்வியையும் தேர்ந்தெடுங்கள்

"பி53 பற்றி ஆராய ஆசை" என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 1979இல் கண்டறியப்பட்ட புரதம் அது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அதன் மரபணு பழுதாகியிருக்கிறது. ஆய்வு செய்பவர்களும் அதற்கேற்ப ஏராளம். மாறாக, திடீர்மாற்றம் அடைந்தால் புற்றுநோயைத் தூண்டும் கேராஸ் புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வால்நுனியில் சேரும் கொழுப்பு மூலக்கூறின் உதவியால் செல் சவ்வின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டால்தான் அது வேலை செய்யும். அதைச் சவ்வுக்குக் கொண்டுசேர்ப்பது எது? கேராஸில் நேரும் ஜி12சி வகைத் திடீர்மாற்றத்துக்கு எதிரான சோட்டோராசிப் மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்துக்கும் செல்கள் பிடிகொடுக்காமல் போவது எப்படி? செல் உயிரியல் ஆய்வகம் ஆர்வம் காட்டுவது இத்தகைய கேள்விகளுக்குத்தான்.

இரண்டாம் படி: ஆய்வகம்

யூராக்செஸ், ஃபைண்ட்ஏபிஎச்டி தளங்களில் அறிவிப்புகள் வரும். பாருங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் கடந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, கடைசி ஆசிரியர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்தான் ஆய்வகத் தலைவர். அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதை பயோஆர்கைவ் தளத்தின் முன்வெளியீடுகள் (இதழில் வருமுன்னே பொதுவில் வைக்கப்படும் கட்டுரைகள்) காட்டும். பிறகு பணம். நிதி பெற்ற திட்டங்களைப் பட்டியலிடும் தளங்கள் உண்டு: அமெரிக்க ஆய்வகம் என்றால் என்ஐஎச் ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் என்றால் கார்டிஸ். நிதி தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அங்கே கிடைக்கும். புதிதாக நிதி பெற்ற ஆய்வகத்துக்கு ஆள் தேவைப்பட வாய்ப்பு அதிகம்.

குறிப்புகளைச் சேர்த்துவைக்க ஸோட்டெரோ. வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் படி: மின்னஞ்சல்

பலர் சறுக்கும் இடம் இதுதான். கட்டுரையைப் புகழ்ந்து நாலு வரி எழுதிப் பயனில்லை. அதிலுள்ள ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் உட்கருவுக்குள் நுழைந்துவிட்டதாக ஓர் ஒளிர்வு நுண்ணோக்கிப் படம் காட்டுகிறது என்று வையுங்கள். செல் இயல்பாக உண்டாக்கும் அளவில்தான் அந்தப் புரதம் இருந்ததா, இல்லை ஒளிரும் புரதத்தை ஒட்டி மிகையாக உற்பத்தி செய்தார்களா? மிகையானால் புரதம் வழக்கமில்லாத இடத்திலும் போய் உட்காரும். புரதத்தை அடையாளம் காட்ட எதிர்ப்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களில் அதைச் சோதித்தார்களா? இவற்றில் ஒன்றை, தேர்வு வினா போலில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். அதற்கு விடை தேட நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி. உங்கள் கைப்பழக்கம் பற்றி இரண்டு வரி. அவ்வளவுதான், இருநூறு சொல்லைத் தாண்ட வேண்டாம்.

புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரலின் படத்தை வைத்துக் கருதுகோள் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: நம்பகத்தன்மை மதிப்பெண்ணைப் பாருங்கள். பி53இன் இரு முனைகளும் நிலையான வடிவமில்லாதவை. அங்கே தெரியும் சுருளை உண்மையென்று நம்பிவிடாதீர்கள்.

நான்காம் படி: நேர்காணல்

ஃபிஜி என்னும் பட ஆய்வு மென்பொருளில் ஒளிர்வை அளக்கப் பழகிக்கொண்டு போங்கள், இலவசம்தான். நீங்களும் கேள்வி கேளுங்கள். செல் வரிசைகளின் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) அடையாளத்தை எப்போது சரிபார்த்தார்கள்? வளர்ப்புச் செல்களில் தொற்றும் மைகோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை நடக்கிறதா? ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் ஹீலா புற்றுநோய்ச் செல்கள் கலந்து, வேறு பெயரில் உலாவிய செல் வரிசைகள் பல. இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் ஆய்வகத்தில் சேராமலிருப்பது நல்லது.

பின்சேர்க்கை: ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி க்யூரி முனைவர் வலையமைப்புகள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எந்த நாட்டினரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. முதுகலை படித்த நாட்டிலேயே இடம் தேடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அங்கே தங்கிய மாதங்களை எண்ணிவிட்டுப் படிவத்தைத் திறங்கள்.