தூசி கிளம்பினால் படம் உடைகிறதா? நேரலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் ஊரில் எருது விடும் விழாவை யூடியூபில் நேரலை விட்டோம். எருது வரும்வரை படம் பளிச்சென்று இருந்தது. முதல் எருது பாய்ந்து செம்மண் தூசி எழுந்ததும் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. கொம்பில் கட்டிய தட்டிகூடத் தெரியவில்லை. பெங்களூரில் இருந்து மாமா போன் போட்டார்: "மாப்ள, எருது ஓடுதா நிக்குதான்னே தெரியலயே!"

கேமராவில் குறை இல்லை. முந்தின வாரம் கல்யாண மண்டபத்தில் வைத்த 2,500 கேபிபிஎஸ் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவு, கிலோபிட்டில்), 1080பி என்ற படத்தின் அளவோடு அப்படியே விட்டிருந்தோம். எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே செட்டிங் என்பதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு. படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடர் ஒவ்வொரு ஃபிரேமையும் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும்) முழுசாக அனுப்பாது. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும்தான் பெரும்பாலும் அனுப்பும். மணமேடையில் மாறுவது கொஞ்சம்தான். தூசியிலோ ஒவ்வொரு துகளும் ஒரு திசையில் போகிறது, பின்னால் கூட்டமும் ஓடுகிறது. அத்தனையையும் அதே 2,500க்குள் அடைக்கச் சொன்னால் அது நுணுக்கத்தைத்தான் தூக்கி எறியும்.

பிட்ரேட்டை ஏற்ற நெட் லைன் இடம் தராவிட்டால் படத்தின் அளவைக் குறையுங்கள். 1080பி ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 720பியில் 9.2 லட்சம்தான். பாதிக்கும் குறைவு. உடைந்த 1080பியைவிடத் தெளிவான 720பி எவ்வளவோ மேல். பார்ப்பவர்களில் பலர் கையில் இருப்பது போன்தானே.

அடுத்தது, ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு எண்ணைப் பார்த்து மயங்குவது. நேரலைக்கு வேண்டியது அப்லோடு. அதையும் முந்தின நாள் காலி மைதானத்தில் நின்று சோதித்துப் பயனில்லை. விழா அன்று சுற்றியிருக்கும் அத்தனை போனும் அதே டவரில்தான் தொங்கும். கூட்டம் சேர்ந்த பிறகு சோதியுங்கள். வரும் எண்ணில் பாதியை மட்டும் பிட்ரேட்டாக வையுங்கள். 8 எம்பிபிஎஸ், அதாவது 8,000 கேபிபிஎஸ் வந்தால் 4,000. அப்புறம், ரேட் கன்ட்ரோலை சிபிஆரிலேயே (பிட்ரேட்டை ஒரே அளவில் வைக்கும் முறை) விடுங்கள். தரத்தை நிலையாக வைத்து பிட்ரேட்டை ஏற்றி இறக்கும் சிஆர்எஃப், மெமரி கார்டில் பதிவு செய்ய அருமை. லைவில் தூசி கிளம்பிய நொடியில் லைனை மீறிப் போய்விடும்.

இடையிடையே முழுசாகப் போகும் ஃபிரேம்தான் கீஃபிரேம். அதன் இடைவெளியை 'ஆட்டோ'வில் விடாமல் 2 நொடி என்று வையுங்கள். எக்ஸ்264 என்ற என்கோடர் தானாக முடிவு செய்தால் 250 ஃபிரேம் வரை, அதாவது 25 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 25 ஃபிரேம்) 10 நொடிவரை இழுக்கும். யூடியூப் 4 நொடிக்கு மேல் போகாதே என்கிறது.

என்கோடரின் வேகத்தை முடிவு செய்யும் ப்ரீசெட்டை 'ஸ்லோ'வில் வைத்தால் தரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண லேப்டாப் மூச்சு வாங்கி ஃபிரேமை விட்டுவிடும். 'வெரிஃபாஸ்ட்' போதும்.

ராத்திரி நிகழ்ச்சியில் ட்யூப் லைட் மினுக்கினால் செட்டிங்கைத் திட்டாதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50இல் வைத்து 25 எஃப்பிஎஸ் எடுங்கள். மினுக்கலும் என்கோடருக்கு மாற்றம்தான், அது வீணாகப் பிட்டைத் தின்னும்.

டேட்டா மிச்சம் என்று ஆடியோவை 128இலிருந்து 64க்குக் குறைக்கிறார்கள். 4,000இல் 64 என்ன பெரிய மிச்சம்? பாரதக் கூத்தில் முகவீணையும் மிருதங்கமும் நசுங்கினால் பார்ப்பவருக்குப் பாதி கூத்து போன மாதிரி.

கூத்து என்றால் கணக்கையும் போட்டுவிடுங்கள். 4,000 கேபிபிஎஸ் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் சிம் ஒரு மணி நேரம் தாண்டியதும் திணறும். பாரதக் கூத்தின் கடைசி இரவான பதினெட்டாம் போர் ராத்திரி 10 மணிக்குத் தொடங்கினால் காலை 6க்குள் 14.4 ஜிபி வேண்டும். துரியோதனன் படுகளம் விடிந்த பிறகுதான். அதற்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்துவிட்டு உட்காருங்கள்.