சேட்டாராவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில், சலேர்னோ நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது சேட்டாரா. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் மீன்பிடி ஊர். அதே கடற்கரையின் பிரபல ஊரான பொசிட்டானோவுக்குப் போகும் கூட்டத்தில் பாதிகூட இங்கே இறங்காது. எனக்கு மிகவும் பிடித்த ஊர் என்பதால் அடிக்கடி போவேன்.

போன மே மாதம் ஒரு ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். பஸ் நிறுத்தத்தில் ஒரு இளம் தம்பதி பெட்டிகளோடு நின்றிருந்தார்கள். போனில் அட்டவணையின் படத்தைக் காட்டி, "இந்த பஸ் இப்போது வரும்தானே?" என்று கேட்டார்கள். விரல் வைத்திருந்த வரியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் ஏமாந்த அதே வரி.

‘ஃபெரியாலே’ என்றால் விடுமுறை நாள் என்று நினைப்பது

சேட்டாராவில் ரயில் நிலையம் கிடையாது. விடியற்காலையில் கிளம்ப வேண்டுமென்றால் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். இத்தாலிய மொழியில் விடுமுறைக்கு ‘ஃபெரியே’ என்று பெயர். அந்த ஒரு சொல் தெரிந்தவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்று போட்டிருந்தால் அது வேலை நாள், திங்கள் முதல் சனி வரை. சனிக்கிழமையும் அதில் சேர்த்தி. ஞாயிறும் அரசு விடுமுறைகளும் ‘ஃபெஸ்டிவோ’.

இரண்டுக்கும் மூலமான ‘ஃபெரியா’ என்ற சொல்லுக்குப் பழைய லத்தீனில் திருநாள் என்றுதான் பொருள். தேவாலயம் வார நாள்களை இரண்டாம் ஃபெரியா, மூன்றாம் ஃபெரியா என்று எண்ண ஆரம்பித்ததில் பொருள் தலைகீழாகிவிட்டது.

நான் ஏமாந்த அன்று எனக்கு நேப்பிள்ஸிலிருந்து விமானம். ஞாயிறு என்பதால் ஃபெரியாலே பத்தியைப் பார்த்துக்கொண்டு போய் நின்றேன். பஸ் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெரியவர் சிலுவைக் குறி இருந்த பத்தியைத் தொட்டுக் காட்டினார். அன்றைய முதல் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சலேர்னோவரை டாக்ஸிக்கு 70 யூரோ கொடுத்தும் ரயிலைத் தவறவிட்டேன், விமானமும் போய்விட்டது. புது டிக்கெட்டுக்கு 190 யூரோ. "காலையில் பஸ் இருக்கிறது" என்று சொன்ன அறைக்காரர், எந்தக் கிழமை கிளம்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஆகவே குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் என்றால் வேலை நாள், சிலுவை என்றால் ஞாயிறும் விடுமுறையும். ‘ஸ்கொலாஸ்டிகோ’ என்று இருந்தால் பள்ளி நடக்கும் நாள்களில் மட்டும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15 ஆகியவை எந்தக் கிழமையில் வந்தாலும் ஃபெஸ்டிவோதான்.

அந்தத் தம்பதிக்கு மதியம்தான் ரயில். ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள்.

டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறுவது

டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்தினமே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலையில் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

மதியம் 3 மணிக்குச் சாப்பிடப் போவது

அடுப்பு அணைந்திருக்கும்.

படகை மட்டும் நம்புவது

குளிர்காலத்தில் ஓடாது. சீசனிலும் கடல் கொந்தளித்தால் ரத்து.

கொலாத்துராவைச் சாஸ் மாதிரி ஊற்றுவது

கொலாத்துரா என்பது நெத்திலி மீனின் சாறு. இந்த ஊரின் பெருமையே இதுதான். நெத்திலியை மரத்தொட்டியில் உப்போடு அடுக்கடுக்காக வைத்து, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் விடுவார்கள். கடைசியில் தொட்டியின் அடியில் துளை போட்டால் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். பழைய ரோமானியர்களின் ‘காரும்’ (garum) என்ற மீன் சாறின் வாரிசு என்பார்கள். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் அங்கீகாரமும் கிடைத்தது.

பாட்டில் வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் வழக்கம்போல உப்புத் தண்ணீரில் ஸ்பகெட்டியை வேகவைத்து, மேலே இதையும் ஊற்றிவிடுகிறார்கள். வாயில் வைக்க முடியாது. தண்ணீரில் உப்பே போடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு, கொஞ்சம் பார்ஸ்லி, ஆளுக்கு ஒரு தேக்கரண்டி கொலாத்துரா. அடுப்பில் ஏற்றக் கூடாது. வெந்த ஸ்பகெட்டியைச் சூடாக அதில் போட்டுப் புரட்டி, உடனே சாப்பிடுங்கள்.