ஹாரன் சத்தம் குறைய எந்த ஜன்னல் போடலாம்?

பேருந்து ஓடும் சாலையை ஒட்டி, முதல் மாடியிலோ இரண்டாம் மாடியிலோ குடியிருப்பவர்களுக்கானது இது. சென்னைக் கட்டடங்களை மனதில் வைத்துச் சொன்னாலும் ஆற்காடு சாலை, ஜி.எஸ்.டி. சாலை, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெரு என்று எங்கே இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. பெரிய சாலையோரத்தில் அந்த வரம்பு காகிதத்தோடு சரி. அதனால்தான் ஜன்னல் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு ராத்திரி வேலை இருக்கிறது. இரண்டு அங்குல மாஸ்கிங் டேப் இரண்டு உருளை வாங்குங்கள். தலையணை வைக்கும் இடத்தில் போனை வைத்து, டெசிபல் காட்டும் ஏதாவது ஒரு இலவசச் செயலியில், ஜன்னலைச் சாத்திய நிலையில் பத்து நிமிடச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜன்னல் கதவும் நிலையும் சேரும் இடம், இரண்டு கதவுகள் நடுவே சேரும் இடம், நிலையும் சுவரும் சேரும் இடம், ஏசி பைப் வெளியே போகும் ஓட்டை என்று எல்லா இடுக்கையும் டேப்பால் ஒட்டுங்கள். ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் இருந்தால் பழைய துண்டை மடித்து அடைத்து அதன்மேல் ஒட்டலாம். மறுபடி பத்து நிமிடம் அளந்து பாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. நமக்கு வேண்டியது இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான், அதற்கு அது போதும்.

ஐந்து டெசிபலோ அதற்கு மேலோ இறங்கினால் குற்றவாளி இடுக்கு. கண்ணாடியை மாற்றிப் பிரயோஜனமில்லை. ஒன்றிரண்டு மட்டும் இறங்கினால் கண்ணாடி மெலிசு, அல்லது சத்தம் வேறு வழியில் வருகிறது. மூன்று டெசிபல் குறைவது காதுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பத்து குறைந்தால் சத்தம் பாதியாகிவிட்டதுபோல இருக்கும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு விற்பனையாளர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை: காஸ் கீசர் இருக்கும் குளியலறையின் வென்டிலேட்டரையும், சமையலறைக் காற்றுவழியையும் சோதனைக்காகக்கூட அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இடுக்கு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? 4 அடிக்கு 4 அடி ஜன்னலைச் சுற்றி ஒரே ஒரு மில்லிமீட்டர் சந்து இருப்பதாக வையுங்கள். பரப்பளவில் அது வெறும் 0.33 சதவீதம். ஆனால் அந்தச் சந்து இருக்கும்வரை, எவ்வளவு தடிமனான கண்ணாடி போட்டாலும் அந்த ஜன்னல் சுமார் 25 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சந்து ஒரு சதவீதமானால் 20 டெசிபலோடு நின்றுவிடும். ‘சவுண்ட் ப்ரூஃப் கண்ணாடி’ என்று காசு கொடுத்து, அதை ஸ்லைடிங் ஃப்ரேமில் மாட்டிவிட்டு ஏமாந்தவர்கள் ஊரில் நிறைய.

ஸ்லைடிங்கின் சிக்கல் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. கதவு ஓட வேண்டுமென்றால் டிராக்கில் இடம் விட்டாக வேண்டும். அந்த இடத்தை நிரப்புவது பிரஷ் மாதிரி இருக்கும் ஒரு நார்ப்பட்டைதான். தூசியை ஓரளவு நிறுத்தும், சத்தத்தை நிறுத்தாது. கொசுவலையோடு சேர்த்து மூன்று டிராக் போட்டால் சந்துகளும் கூடும். சத்தத்துக்காக மாற்றுவதென்றால் கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல்தான் போட வேண்டும். கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினால் மேலே, நடுவே, கீழே என்று பல இடத்தில் பூட்டு விழுந்து, சுற்றிலும் இருக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டை நசுங்க வேண்டும். நசுங்காத ரப்பர் வெறும் அலங்காரம். பால்கனிக் கதவுக்கு ஸ்லைடிங்தான் முடியும் என்றால், மூடும்போது கதவு கீழிறங்கி ரப்பர்மேல் உட்காரும் ‘லிஃப்ட் அண்ட் ஸ்லைடு’ வகையைக் கேளுங்கள். விலை அதிகம்தான். ஆனால் படுக்கையறையில் ஜன்னலைவிடப் பெரிய ஓட்டை பெரும்பாலும் அந்தப் பால்கனிக் கதவு; அதை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

ஃப்ரேம் யுபிவிசி என்ற கடினப் பிளாஸ்டிக்கா, அலுமினியமா, மரமா என்ற சண்டை இந்த விஷயத்தில் அவ்வளவு முக்கியமில்லை. யுபிவிசியில் மூலைகள் உருக்கி ஒட்டப்படுவதால் அங்கே சந்து வராது, உள்ளே கால்வனைஸ் இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலுமினியத்தில் மூலைச் சேர்க்கை சீலன்ட் வைத்து அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய தேக்கு நிலை கோணாமல் இருந்தால் அதைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைச் சீவி உட்காரவைத்து, உள்விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டி, கொக்கியை எடுத்துவிட்டு இழுத்துப் பிடிக்கும் தாழ்ப்பாள் போட்டாலே டேப் சோதனையில் கிடைத்ததில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

இனி கண்ணாடி. பழைய ஜன்னல்களில் இருப்பது பெரும்பாலும் 3 அல்லது 4 மி.மீ. தடிமனை ஏற்றிக்கொண்டே போனால் சத்தம் குறையும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கண்ணாடி சத்தத்தோடு சேர்ந்து ஆடி, அதை உள்ளே விட்டுவிடும். சாதா கண்ணாடியில் 12,000-ஐ மில்லிமீட்டர் தடிமனால் வகுத்தால் அந்த அதிர்வெண் ஏறத்தாழ ஹெர்ட்ஸில் வரும். 6 மி.மீ. கண்ணாடிக்கு 2,000 ஹெர்ட்ஸ். ஹாரனில் காதைக் குத்தும் பகுதி அங்கே இருக்கிறது. 12 மி.மீ. போட்டால் 1,000 ஹெர்ட்ஸ். தெருவில் ஆட்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும் பகுதி. லேமினேட்டட் கண்ணாடி இதற்குத்தான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற மென்படலம் ஒட்டியிருக்கும். அது இந்த ஆட்டத்தை அடக்கும். 6.38 என்றால் 3 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 0.38 மி.மீ. படலம். 10.38 என்றால் 5 மி.மீ. இரண்டு. இதிலேயே ‘அக்குஸ்டிக் பிவிபி’ என்று மென்மையான படலம் வைத்ததும் உண்டு. ஒரே தடிமனில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும்.

டஃபன்டு கண்ணாடி உடையாமல் இருக்கத்தான். சத்தத்தில் சாதா கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. 4 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. காற்று, 4 மி.மீ. கண்ணாடி என்று வரும் இரட்டைக் கண்ணாடி வெயிலுக்கு நல்லது. சாலைச் சத்தத்துக்கு அது ஏமாற்றம் தரும். இரண்டு கண்ணாடியும் நடுவில் அடைபட்ட காற்றும் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து 245 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒத்ததிர்வு கொள்ளும், அதாவது அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஆடி அதை உள்ளே விடும். நிறுத்தத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் பேருந்தின் சத்தம் அதை ஒட்டியே இருக்கிறது.

எண்களில் சொன்னால், ஆய்வகத்தில் அளக்கும் ஆர்டபிள்யூ (Rw) மதிப்பு, அதாவது எத்தனை டெசிபல் தடுக்கும் என்ற எண், 4 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்கு 29 வாக்கில், 4-12-4 இரட்டைக்கு 30 அல்லது 31, 6.38 லேமினேட்டடுக்கு 32 அல்லது 33, 10.38-க்கு 35 அல்லது 36. அறிக்கையில் 36 (-1, -4) என்று அச்சிட்டிருந்தால் கடைசி எண்ணைக் கழியுங்கள், சாலைப் போக்குவரத்துக்கு அந்த ஜன்னல் தடுப்பது 32 என்று பொருள். விற்பனையாளர்கள் முதல் எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். அறிக்கை கண்ணாடிக்கு மட்டுமா, ஃப்ரேமோடு சேர்த்த முழு ஜன்னலுக்கா என்றும் கேளுங்கள். கண்ணாடிக்கு மட்டும் என்றால் உங்கள் வீட்டுச் சுவரில் அந்த எண் கிடைக்காது.

உண்மையிலேயே பெரிய மாற்றம் வேண்டுமென்றால் பழைய ஜன்னலை எடுக்காதீர்கள். அதற்கு உள்பக்கம் இரண்டாவது ஜன்னல் ஒன்று போடுங்கள். நம் ஒன்பது அங்குலச் சுவர் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது: நிலையும் கம்பியும் வெளிப்பக்கம் தள்ளி இருக்கும், உள்பக்கம் சுவரின் தடிமனில் நாலைந்து அங்குலம் சும்மா கிடக்கும். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே 100 மி.மீ. கிடைத்தால், முன்பு 245 ஹெர்ட்ஸில் இருந்த ஒத்ததிர்வு 5 மி.மீ. கண்ணாடியும் 6.38-உம் சேரும்போது 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காதுக்கு அவ்வளவாக உறைக்காத இடம் அது. நன்றாக அடைத்த இத்தகைய ஜோடி 40-ஐத் தாண்டும். இரண்டிலும் ஒரே தடிமன் வேண்டாம், ஒன்றின் பலவீனமான இடத்தில் மற்றதும் பலவீனமாகிவிடும். நடுவே தெரியும் சுவர்ப் பக்கங்களில் ஓர் அங்குல ஃபோம் ஒட்டினால் இன்னும் சில டெசிபல். அடுக்குமாடியில் வெளித்தோற்றம் மாறாததால் சங்கத்தோடு வாக்குவாதமும் பெரும்பாலும் வராது.

இங்கே நம் ஊர் ஈரக்காற்றைக் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டு வீடியோக்களில் உள் ஜன்னலை இறுக்கி, வெளி ஜன்னலில் கொஞ்சம் காற்று விடச் சொல்வார்கள். நமக்கு அது நேர் எதிர். ஏசி ஓடும் அறையில் உள் கண்ணாடி குளிர்ந்திருக்கும். வெளி ஜன்னல் வழியாக ஈரக்காற்று நடுவில் புகுந்தால் அந்தக் கண்ணாடியின் வெளிமுகத்தில் முத்து முத்தாக நீர் கோத்து, வழிந்து, கீழே பூசணம் பிடிக்கும். ஆகவே பழைய ஜன்னலுக்கும் ரப்பர் போட்டுவிட்டுத்தான் உள் ஜன்னல். துடைப்பதற்கு உள் ஜன்னல் முழுசாகத் திறக்கிற மாதிரி இருக்கட்டும். கட்டில், திரைச்சீலைக் கம்பி இடிக்காதா என்று முதலிலேயே பாருங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘யுபிவிசி ஜன்னல், சதுர அடி இவ்வளவு’ என்ற ஒற்றை வரி மதிப்பீட்டை ஏற்காதீர்கள். கண்ணாடியின் தடிமனும் வகையும், ரப்பரின் பெயர், பூட்டு விழும் இடங்களின் எண்ணிக்கை, கீலின் எடைத் தாங்கும் அளவு ஆகியவை தனித்தனியாக எழுத்தில் வேண்டும். கீலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 10.38 கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல். 4-க்கு 4 ஜன்னலில் கண்ணாடி மட்டும் 38 கிலோ வரும். மெலிசான ஃப்ரிக்ஷன் ஸ்டே (கதவைத் தாங்கிப் பிடிக்கும் கீல் வகை) போட்டால் சில மாதத்தில் கதவு மூலையில் தொங்கி, ரப்பர் மேலே இறுகிக் கீழே விலகும். போட்ட காசெல்லாம் அந்தச் சந்து வழியே போய்விடும்.

அளவை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், இரண்டு மூலைவிட்டங்களிலும் எடுக்கச் சொல்லுங்கள். சிறிய அளவில் பக்கத்துக்கு 5 மி.மீ. விட்டு ஃப்ரேம் செய்ய வேண்டும். கண்ணாடி வந்து இறங்கியதும், மாட்டுவதற்கு முன், அதன் விளிம்பைப் பாருங்கள்: லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிகளும் நடுவில் மெல்லிய கோடும் தெளிவாகத் தெரியும். ஃப்ரேமுக்குள் போய்விட்டால் விளிம்பு மறைந்துவிடும்.

மாட்டும் நாளில் பிழை வருவது சுவரும் ஃப்ரேமும் சேரும் இடத்தில். பத்து மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் முதலில் கொத்தனார் சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். பிறகு உள்ளும் வெளியும் சிலிகான் சீலன்ட். மாட்ட வருபவர்கள் சந்தில் ஸ்ப்ரே ஃபோமை அடித்து, காய்ந்ததும் வெட்டி, அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். வெயில் படும் பக்கத்தில் அது பொடிந்து உதிரும். கீழ்ச்சட்டத்தில் மழைநீர் வடிய விட்ட ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள், நீர் வடிய விடும் மூடியை அவற்றுக்குப் போட்டால் போதும்.

முழுப்பணத்தையும் கொடுப்பதற்கு முன் சோதனை இரண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் மேல் வைத்து ஜன்னலைப் பூட்டி இழுங்கள். சுற்றிலும் அரை அடிக்கு ஓர் இடம் என்று செய்து பாருங்கள், எங்கேயாவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பூட்டைத் திருகி இறுக்க வேண்டும். காற்றடிக்கும் மாலையில் ஊதுபத்தியை விளிம்போரம் மெதுவாக நகர்த்துங்கள்; புகை எங்கே சாய்கிறதோ அங்கே சத்தமும் வருகிறது. பிறகு போனை அதே தலையணையில் வைத்து, அதே நேரத்தில், பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஜன்னலை இறுக்கிவிட்டால் அறைக்குள் புதுக்காற்று வராது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஜன்னலைத் திறந்துவைத்து, அறைக் கதவுக்கு அடியில் முக்கால் அங்குலம் விடுங்கள். ஜன்னல் ஏசி இருக்கும் அறையில் இத்தனையும் வீண், அதன் கூடு வழியாகவே தெரு உள்ளே வரும். முதலில் அதை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும்.

ரப்பரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். கீலுக்குப் போடும் மெஷின் ஆயில் அதன்மேல் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.