தூண்டில் ஈக்களை அஞ்சல்வழி பரிமாறிக்கொள்ளும் முறை

மீன்பிடிக்கும் கொக்கியில் பூச்சிபோலத் தோன்றும்படி இறகும் நூலும் கொண்டு கையால் கட்டிய தூண்டில் ஈக்களைப் பரிமாறிக்கொள்ள, முதலில் பொறுப்பாளர் ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். பன்னிருவர் பங்கேற்றால், ஒவ்வொருவரும் தமக்குரிய ஒரு வகையில் 12 ஈக்களைக் கட்டி அவருக்கு அனுப்புவர். அவர் அவற்றைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வகைக்கு ஒன்றாகத் திருப்பி அனுப்புவார். இருவர் ஆடம்ஸ் என்னும் பெயர்பெற்ற ஈ வகையையே கட்டிவிடாதபடி, யார் எதைக் கட்டுவதென்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.

கட்டுபவரின் பெயர், ஈயின் வகை, கொக்கியின் அளவு ஆகியவற்றை எழுதிய சிறு காகிதச் சீட்டை ஒவ்வொரு கொக்கியிலும் கோத்துவிடுங்கள். கொக்கியின் எண் கூடக்கூட அதன் உருவம் சிறுக்கும் என்பதால், 12 எனவோ 18 எனவோ தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், பெறுபவர் அதே ஈயைத் தாமும் கட்டிப் பார்ப்பது கடினம். சீட்டில்லாத ஈ, என் கணிப்பில், பாதிப் பயனே தரும்.

ஈயின் தலைப்பகுதியில் நூலை முடிக்கும் தலைமுடிச்சில் பூசிய பசை நன்கு உலர்ந்த பின்னரே, ஈக்களை நுரைத்தாள் பதித்த உறுதியான சிறு பெட்டியில் குத்தி, மெத்தை உறையில் இடவேண்டும். சாதாரண உறையில் இட்டால் இறகுகள் நசுங்குவதோடு, கொக்கிமுனை அஞ்சல் ஊழியரின் விரலையும் பதம் பார்க்கக்கூடும். திரும்பி வருவதற்கான அஞ்சல் செலவையும், சொந்த முகவரி எழுதிய உறையையும் உடன் வைப்பது பங்கேற்பவரின் கடமை.

எல்லை கடந்து அனுப்புவோர், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973இல் கையெழுத்தான சைட்டிஸ் (CITES) உடன்படிக்கை காக்கும் உயிரினங்களின் இறகையும் உரோமத்தையும் தவிர்த்து, பெறும் நாட்டின் சுங்க விதிகளை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். சாயமேற்றிய கோழியிறகுக்குக்கூடச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.